பணம் கேட்ட கேள்விகள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்றொரு ஊர். குதிரைப் பண்ணைகளுக்குப் பேர்போனது. 1935 மே மாதம் அந்த ஊருக்கு வெளியே, சுமார் ஆயிரம் ஏக்கரில், அரசாங்கம் வேறுவிதமான ஒரு பண்ணையைத் திறந்தது. மார்ஃபினுக்கும் ஹெராயினுக்கும் அடிமையாகிக் கைதானவர்களை நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கொண்டுவந்து அங்கே இறக்கினார்கள். தாமாகவே வந்து சேர்ந்தவர்களும் உண்டு. பாதி சிறை, பாதி ஆஸ்பத்திரி. மாடு கறக்க வேண்டும், வயலில் இறங்க வேண்டும், தையற்கூடத்தில் உட்கார வேண்டும். உடம்பு உழைத்தால் ஆசை தணியும் என்பது அந்தக் காலத்து வைத்தியம். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'நார்கோ'.

அந்தக் கட்டடத்துக்குள் ஓர் ஆய்வுக்கூடமும் இருந்தது. போதை அடிமைத்தனத்தைப் பற்றி அமெரிக்க அரசின் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்கு நெடுங்காலம் அதுதான் தலைமைப்பீடம். புதிய மருந்து ஒன்று மனிதனை அடிமையாக்குமா என்று அறிய வேண்டுமா? கைதிகளில் ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கூலியும் உண்டு. தண்டனைக் காலத்தில் சில நாள் கழிவு, அல்லது போதை மருந்தே கூலி. உடனே வேண்டாமென்றால் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம். குடியை விட வந்தவனுக்குச் சாராயத்தில் சம்பளம் கொடுத்த கதைதான். 1950-களில் ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஹாரிஸ் இஸ்பெல், ஏழு கைதிகளுக்கு 77 நாள் தொடர்ந்து, பிரமையூட்டும் மருந்தான எல்.எஸ்.டி. கொடுத்தார். அந்தச் சோதனைகளுக்கான பணம் உளவுத்துறையான சி.ஐ.ஏ.விடமிருந்து வந்தது. உளவுத்துறைக்குத் தெரிய வேண்டியிருந்தது கைதிகளின் நலம் அல்ல. எதிரியின் ஆளிடம் உண்மையைக் கறக்க இந்த மருந்து உதவுமா என்பதுதான்.

1975-இல் அமெரிக்க செனட் விசாரணையில் இதெல்லாம் வெளியே வந்தது. கைதிகளை வைத்துச் செய்யும் ஆய்வு அடுத்த ஆண்டே நின்றது. ஆனால் பணம் கொடுப்பவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அதுதான் ஆராய்ச்சியின் கேள்வி என்ற வழக்கம் நிற்கவில்லை. கோட்டும் டையும் அணிந்துகொண்டு தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் குடியேறியது.

லெக்சிங்டனின் இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் தோற்ற ஜெர்மனியின் மருந்துக் கம்பெனிகளிடமிருந்து அமெரிக்கா கைப்பற்றியவற்றில் ஒன்று மெதடோன். வலிநிவாரணி. 1940-களின் கடைசியில் அதை இங்கே சோதித்துப் பார்த்து, ஹெராயினை விடும்போது வரும் வேதனையைத் தணிக்க ஏற்றது என்று கண்டார்கள். சில நாள் கொடுப்பது, அளவைக் குறைப்பது, நிறுத்துவது, வெளியே அனுப்புவது. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் மறுபடியும் ஊசியைத் தேடிப் போனார்கள். 'நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் என்ன?' என்ற கேள்வியை அங்கே எவரும் கேட்கவில்லை. அடிமைப்பட்டவருக்குத் தொடர்ந்து அபின்வகை மருந்து கொடுக்கும் டாக்டரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் இருந்த காலம். அரசாங்கத்தின் ஆய்வுக்கூடம் அரசாங்கத்தின் சட்டத்தைச் சோதிக்குமா?

கேட்டவர்கள் நியூயார்க்கில் இருந்தார்கள். 1964-இல் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர், மேரி ஜீன் க்ரீக் ஆகிய மூவரும் சேர்ந்து, ஹெராயின் அடிமைகளுக்கு நாள்தோறும் மெதடோன் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்தே கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். 22 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 1965-இல் வெளிவந்தது. மத்தியப் போதைத் தடுப்பு அதிகாரிகள் டோலை மிரட்டிப் பார்த்தார்கள். அவர் அசரவில்லை. ஆய்வைத் தொடங்க அவருக்குக் கைகொடுத்தது மத்திய அரசு அல்ல, நியூயார்க் மாநகராட்சியின் ஆராய்ச்சி நிதி. ஹெராயினால் செத்தவர்களைத் தெருவிலிருந்து எடுக்க வேண்டியிருந்த மாநகராட்சி அது.

வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள்

1971 ஜூன் 17. போதைப்பழக்கம்தான் நாட்டின் முதல் எதிரி என்று ஜனாதிபதி நிக்சன் அறிவித்தார். 'போதைக்கு எதிரான போர்' என்று இன்றுவரை சொல்லப்படுவதன் பிறந்தநாள் அதுதான் என்பார்கள். அதே நாளில் அவர் செய்த இன்னொரு காரியத்தைப் பலரும் மறந்துவிட்டார்கள். ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரை வெள்ளை மாளிகைக்குள் அழைத்துவந்து சிகிச்சைக்கும் தடுப்புக்கும் ஒரு தனி அலுவலகத்தையே ஒப்படைத்தார். போர் என்று முழங்கிய நிக்சன்தான் சில ஆண்டுகளுக்குப் போலீஸுக்கு ஒதுக்கியதைவிட வைத்தியத்துக்கு அதிகம் ஒதுக்கினார். பின்னால் வந்தவர்கள், குறிப்பாக ரீகன், தராசை மறுபக்கம் சாய்த்தார்கள்.

நிக்சனுக்கு ஒரு பயம். வியட்நாமில் இருந்த படைவீரர்கள் மலிவான, கலப்படமற்ற ஹெராயினுக்குப் பழகிவிட்டார்கள், அத்தனை பேரும் ஊர் திரும்பினால் என்ன ஆகும்? ஜாஃபி ஒரு வழி சொன்னார். சிறுநீர்ச் சோதனையில் தேறினால்தான் விமானம். கூடவே, திரும்பியவர்களைத் தொடர்ந்து சென்று பார்க்கும்படி செயின்ட் லூயிஸ் நகரின் பேராசிரியை லீ ராபின்ஸிடம் பணம் கொடுத்தார். ராபின்ஸ் கண்டது அன்றைக்கு எவராலும் நம்பமுடியாத கணக்கு. வியட்நாமில் இருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் மறுபடி அடிமையானார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் நூற்றுக்குப் பன்னிரண்டு. பெரும்பாலோர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. வீடு, வேலை, பழகிய தெரு, துப்பாக்கிச் சத்தமில்லாத இரவு. இவை கிடைத்ததும் ஹெராயின் தானாகக் கழன்றுவிட்டது.

இந்த ஆய்வு ஒரு பெரிய கதவைத் திறந்திருக்க வேண்டும். மனிதனைச் சுற்றியிருக்கும் வாழ்க்கைக்கும் போதைக்கும் உள்ள உறவை அளக்க இன்னும் நூறு ஆய்வுகள் வந்திருக்க வேண்டும். வந்தவை குறைவு. போர்க்களம் என்பது விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். இருபதாண்டுகள் கழித்தும் ராபின்ஸ் அந்த முடிவு விதிவிலக்கா, இயல்பா என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்.

மூளைக்குக் கிடைத்த பணம்

1974-இல் போதைப்பொருள் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் பிறந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'நைடா' என்று அழைக்கிறார்கள். 1992-இல் அது அமெரிக்காவின் மாபெரும் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச்.-இன் கூரைக்குள் வந்தது. போதைப்பொருளின் உடல்நலப் பக்கத்தைப் பற்றி உலகில் நடக்கும் ஆராய்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் தன் பணத்தில் நடப்பதாக நைடா பல ஆண்டுகள் சொல்லிவந்தது. ஒரே உண்டியல். அதன் முன்னால் உலகமே வரிசையில் நின்றது.

1997-இல் நைடாவின் அன்றைய இயக்குநர் ஆலன் லெஷ்னர், 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அடிமைத்தனம் என்பது மூளையின் நோய் என்பது அதன் சாரம். அதை விஞ்ஞானக் கருத்தாகப் பார்ப்பது சரி. நிதி கேட்கும் விண்ணப்பமாகவும் பார்க்கலாம். ஒழுக்கம் கெட்டவனுக்கு எந்த நாடாளுமன்றமும் பணம் ஒதுக்காது, நோயாளிக்கு ஒதுக்கும். 2003-இல் நைடாவின் இயக்குநராக வந்த நோரா வோல்கோவ் மூளையைப் படமெடுக்கும் கலையில் வல்லவர். கொக்கெய்ன் எடுத்தவரின் மூளையில் டோபமின் எப்படி மாறுகிறது என்பதைச் சிவப்பும் மஞ்சளுமாகப் படத்தில் காட்டமுடிந்தது. வீடிழந்தவரின் நிலையை அப்படி ஒரு படத்தில் காட்ட முடியுமா? பட்ஜெட் கமிட்டியின் முன்னால் எந்தப் படம் செல்லும் என்பது தெரிந்ததே.

நியாயமாகவும் பேச வேண்டும். 'நோய்' என்ற சொல் எத்தனையோ குடும்பங்களின் தலைகுனிவைக் கொஞ்சம் நிமிர்த்தியது. 2002-இல் சிகிச்சைக்கு அனுமதி பெற்ற ப்யூப்ரனார்ஃபின் மருந்துக்குப் பின்னாலும், மூச்சடைத்துச் சாகக் கிடப்பவரை மூக்கில் பீய்ச்சியே எழுப்பும் நலோக்சோனுக்குப் பின்னாலும் (2015) நைடாவின் உழைப்பு இருக்கிறது. அந்தப் பணம் வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

என் சங்கடம் வேறு. அதற்குச் சான்றாக இரண்டு ஆய்வுகளை அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது கஞ்சா. சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனித்துவந்த டாக்டர் டொனால்ட் ஏப்ரம்ஸ், உடல் மெலிந்து உருகிக்கொண்டிருந்த தம் நோயாளிகளுக்குக் கஞ்சா பசியைத் தூண்டி எடையைக் கூட்டுமா என்று சோதிக்க விரும்பினார். 1992 முதல் முயன்றார். ஆய்வுக்கான கஞ்சா நாடு முழுவதற்கும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஒரே தோட்டத்தில்தான் விளைந்தது. தோட்டத்தின் சாவி நைடாவிடம். நைடா கொடுக்க மறுத்தது. கடைசியில் அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். எய்ட்ஸ் மருந்தோடு கஞ்சா சேர்ந்தால் நோயாளிக்குக் கெடுதல் வருமா? 1997-இல் கஞ்சாவும் கிடைத்தது, பணமும் கிடைத்தது. கெடுதல் தெரியவில்லை என்றும், நோயாளிகள் எடை கூடினார்கள் என்றும் பின்னர் முடிவு வந்தது. நன்மையைக் கேட்டவருக்குக் கதவு மூடியிருந்தது, தீமையைக் கேட்டதும் திறந்தது. தங்கள் கவனம் பெரும்பாலும் கஞ்சாவின் தீய விளைவுகள் மீதுதான் என்று 2010-இல் நைடாவின் செய்தித் தொடர்பாளரே பத்திரிகையிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மிசிசிப்பியின் ஏகபோகம் 2021-இல்தான் முடிந்தது.

இரண்டாவது மது. மது ஆராய்ச்சிக்கென்று, நைடாவைவிட நான்கு ஆண்டு மூத்த தனி நிறுவனம் ஒன்று 1970-இலிருந்தே இருக்கிறது. இன்று அதுவும் அதே என்.ஐ.எச்.-இன் கூரைக்குள்தான். தினம் ஒரு கோப்பை குடித்தால் இதயத்துக்கு நல்லதா என்று ஏறக்குறைய 7,800 பேரை வைத்துச் சோதிக்க அது திட்டமிட்டது. செலவு சுமார் 10 கோடி டாலர். அதில் பெரும்பகுதியைத் தருவதாக ஒப்புக்கொண்டவை அன்ஹைசர்-புஷ் இன்பெவ், ஹைனகென் போன்ற மதுக் கம்பெனிகள். அரசு விஞ்ஞானிகளே கம்பெனிகளைத் தேடிப் போய் நிதி கேட்டதை 'நியூயார்க் டைம்ஸ்' அம்பலமாக்கியது. 2018 ஜூனில் என்.ஐ.எச். தலைவர் ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆய்வை நிறுத்தினார். புற்றுநோய் வருமா என்பதை அந்த ஆய்வு சரியாகப் பார்க்கவே முடியாதபடி வடிவமைக்கப்பட்டிருந்தது என்பது விசாரணையில் தெரிந்தது.

ஒரே அரசாங்கம், ஒரே வளாகம். கஞ்சாவிடம் 'நீ என்ன கெடுதல் செய்வாய்' என்று மட்டும் கேட்டார்கள். மதுவிடம் 'நீ என்ன நன்மை செய்வாய்' என்று கேட்டார்கள்.

பயத்துக்கு ஏற்ற முடிவு எவ்வளவு சுலபமாக அச்சேறும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. இளைஞர்களின் இரவு நடனக் கூட்டங்களில் புழங்கிய எக்ஸ்டஸி மாத்திரை, ஒரே இரவில் எடுக்கும் அளவிலேயே மூளையைப் பாழாக்கும் என்று 2002 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. குரங்குகள் மீது நடந்த ஆய்வு, நைடாவின் பணம். அப்படிப்பட்ட கூட்டங்களை ஒடுக்கும் சட்டம் அப்போது பரிசீலனையில் இருந்தது. ஓராண்டு கழித்து ஆய்வாளர் ஜார்ஜ் ரிகார்ட்டே கட்டுரையைத் திரும்பப் பெற்றார். குப்பியில் ஒட்டியிருந்த சீட்டு மாறிப்போய், குரங்குகளுக்குப் போனது எக்ஸ்டஸியே அல்ல, மெத்தாம்ஃபெட்டமின் என்றார்கள்.

சரி, கேள்வியும் கேட்டு, பதிலும் கிடைத்தால்? சுத்தமான ஊசி கொடுத்தால் எச்.ஐ.வி. குறையும், போதைப்பழக்கம் கூடாது என்பதற்கு 1990-களிலேயே போதிய ஆதாரம் சேர்ந்துவிட்டது. 1998 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் டோனா ஷலாலா அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதே மூச்சில், ஊசிக்கு மத்திய அரசு பணம் தராது என்றும் அறிவித்தார். 1988-இல் வந்த தடை 2009-இல் விலகி, 2011-இல் திரும்பி வந்தது. இண்டியானா மாநிலத்தில் ஆஸ்டின் என்ற குட்டி ஊர், மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். 2015-இல் அங்கே வலி மாத்திரையைக் கரைத்து ஊசியேற்றிக்கொண்டவர்களிடையே எச்.ஐ.வி. பரவி 180 பேருக்கு மேல் தொற்றியது. அதன் பிறகுதான் ஆளுநர் மைக் பென்ஸ் ஊசி கொடுக்க அனுமதித்தார். அந்த ஆண்டின் முடிவில் நாடாளுமன்றமும் தடையைச் சற்றுத் தளர்த்தியது. மத்தியப் பணத்தில் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கலாம், வண்டி வாங்கலாம், ஊசி மட்டும் வாங்கக்கூடாது! ஆஸ்டினைக் காப்பாற்றிய அந்த மையத்தையும் மூடிவிட 2021-இல் கவுண்டி நிர்வாகம் வாக்களித்தது.

எந்தச் சாவு எவ்வளவு பெறும்

2022-இல் அளவு மீறிய போதையால் அமெரிக்காவில் இறந்தவர்கள் 1,07,941 பேர். 1999-இல் 17,000-ஐக்கூடத் தொடாத எண் இது. இடையில் வலி மாத்திரைகள் வந்தன, ஹெராயின் வந்தது, பிறகு செயற்கை அபின்வகையான ஃபென்டனில் வந்தது. மதுவால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,78,000 பேர் இறப்பதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் மதிப்பிட்டிருக்கிறது. புகையிலையால் சுமார் 4,80,000 பேர். பணம்? 2023-இல் நைடாவுக்குச் சுமார் 166 கோடி டாலர், மது ஆய்வு நிறுவனத்துக்கு 60 கோடிக்கும் சற்றுக் குறைவு. சாவுக்குத் தலா இவ்வளவு என்று பங்கிட வேண்டும் என நான் சொல்லவில்லை. ஃபென்டனிலில் போகிறவர் பெரும்பாலும் இளமையிலோ நடுவயதிலோ போகிறார், சிகரெட்டில் போகிறவர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிப் போகிறார். ஆனாலும் கடையில் விற்கும் போதைக்கு ஒரு தராசு, சந்தில் விற்கும் போதைக்கு ஒரு தராசு என்பது கண்ணை உறுத்துகிறது.

இரண்டு நிறுவனங்களையும் ஒன்றாக்கலாம் என்று 2010-இல் என்.ஐ.எச்.-இன் ஆலோசனைக் குழு சொன்னது. குடிப்பவரில் பலர் புகைக்கிறார்கள், புகைப்பவரில் சிலர் வேறு போதையையும் தொடுகிறார்கள், நோயாளி ஒருவர்தானே என்பது வாதம். மது ஆய்வாளர்கள் தங்கள் சிறிய பானை பெரிய அண்டாவில் கரைந்துவிடும் என்று அஞ்சினார்கள். 2012 நவம்பரில் காலின்ஸ் யோசனையைக் கைவிட்டார். 2025-இல் ட்ரம்ப் அரசு அதையே வேறு முகத்தோடு கொண்டுவந்தது. மது, போதை, மனநலம் மூன்றையும் ஒன்றாக்கி, கூடவே என்.ஐ.எச்.-இன் மொத்த நிதியையும் ஏறக்குறைய நாற்பது சதவீதம் வெட்டும் பட்ஜெட் யோசனை அது. வீட்டை ஒன்றாக்குவதற்கும், ஒன்றாக்குகிறேன் என்று சொல்லிச் சுவரை இடிப்பதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது.

கைவசம் இருக்கும் மருந்துகள் போய்ச் சேராததுதான் பிரச்சினை என்பதை அமெரிக்கா கண்டுகொள்ள நாளானது. அபின்வகைப் போதைக்கு அடிமையானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் மெதடோனோ ப்யூப்ரனார்ஃபினோ கிடைக்கிறது. ப்யூப்ரனார்ஃபின் எழுத டாக்டருக்குத் தனி அனுமதி வேண்டும் என்ற விதி 2022-இன் இறுதி வரை இருந்தது. ஃபென்டனில் விற்கிறவனுக்கு அப்படி எந்தச் சடங்கும் இல்லை.

2019-இல் நைடா துணிந்து ஒரு பெரிய காரியத்தில் இறங்கியது. நான்கு மாநிலங்கள், 67 ஊர்கள், 34 கோடி டாலருக்கு மேல். புதிய மருந்து எதுவும் இல்லை. ஏற்கெனவே தெரிந்த வைத்தியங்களை ஊர் மக்களோடு சேர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்தால் சாவுகள் குறையுமா என்ற கேள்விதான். 40 சதவீதம் குறைப்பது இலக்கு. நான்கு மாநிலங்களில் ஒன்று கென்டக்கி. பழைய நார்கோ கட்டடம் இன்று மத்தியச் சிறை. அதே லெக்சிங்டனின் பல்கலைக்கழகம்தான் கென்டக்கியில் இந்த ஆய்வை நடத்தியது. 2024 ஜூனில் முடிவு வந்தது. திட்டம் நடந்த ஊர்களுக்கும் நடக்காத ஊர்களுக்கும் சாவு எண்ணிக்கையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நடுவில் கொரோனா வந்தது, ஃபென்டனில் எல்லாவற்றிலும் கலந்தது. ஊர்கள் தேர்ந்தெடுத்த திட்டங்களில் பாதிகூடக் கணக்கெடுப்புக் காலத்துக்கு முன் நடைமுறைக்கு வரவில்லை. ஆள் சேர்க்கவும், கமிட்டி போடவும், உள்ளூர் ஜெயிலரைச் சம்மதிக்கவைக்கவுமே நாள் போதவில்லை.

34 கோடி வீணா என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது நைடா கேட்ட மிக நேர்மையான கேள்விகளில் ஒன்றாகப் படுகிறது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், சாவு இருபதாயிரத்துக்கும் குறைவாக இருந்தபோது கேட்டிருந்தால் பதிலும் வேறாக இருந்திருக்கலாம். 2024-இல் சாவுகள் ஏறத்தாழ 80,000 ஆகச் சரிந்தன. நலோக்சோன் பரவலானதா, சந்தையில் ஃபென்டனிலின் வீரியம் குறைந்ததா, சாகக்கூடியவர்கள் ஏற்கெனவே செத்துவிட்டார்களா என்று நிபுணர்கள் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னை வரை வந்த டாலர்

இந்தப் பணத்தில் ஒரு கிளை சென்னைக்கும் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் எய்ட்ஸ் பயம் நைடாவின் பட்ஜெட்டைப் பலமடங்கு பெருக்கியது. ஊசி வழியே பரவும் நோய் என்பதால் ஊசி இருக்கும் இடமெல்லாம் அதன் ஆய்வுக்களம் ஆயிற்று. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 2005-06-இல் சென்னையில் ஊசிவழிப் போதை எடுப்பவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பணம் நைடாவுடையது. நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி., பாதிக்கு மேற்பட்டோருக்கு ஹெபடைட்டிஸ் சி. நம் ஊர்ச் சந்துகளில் யார் சாகிறார்கள், எதனால் சாகிறார்கள் என்ற கணக்கை அமெரிக்க வரிப்பணம் எழுதியது. அங்கே சிகிச்சையான ப்யூப்ரனார்ஃபின், ஊசி மருந்தாக இங்கே 1990-களில் தெருவில் போதையாகப் புழங்கியதையும் இத்தகைய கள ஆய்வுகள்தான் பதிவு செய்தன.

அதே குழு பிறகு நாட்டின் 22 இடங்களில், ஒரே கூரையின்கீழ் பரிசோதனையும் சிகிச்சையும் ஊசியும் கொடுத்தால் பலன் வருமா என்று சோதித்தது. 2019-இல் வந்த முடிவு கென்டக்கி முடிவின் உடன்பிறப்பு. மையத்துக்கு வந்தவர்களுக்குப் பயன் இருந்தது, ஆனால் ஊர் முழுவதையும் கணக்கில் எடுத்தால் நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. வந்தவர்கள் குறைவு.

நம் அரசாங்கம் என்ன கேட்டது? சமூக நீதி அமைச்சகம் டெல்லி எய்ம்ஸைக் கொண்டு நடத்திய நாடுதழுவிய கணக்கெடுப்பு 2019-இல் வெளிவந்தது. இரண்டு லட்சம் வீடுகள், 4,73,569 பேர். குடியால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் 5.7 கோடி. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். அதற்கு முந்தைய தேசியக் கணக்கெடுப்பு 2004-இல் வெளியானது. பதினைந்து ஆண்டு இடைவெளி. ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, முதல் பாட்டிலைத் திறக்கும் வயது.

2025 மே மாதம் என்.ஐ.எச். ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மானியத்திலிருந்து வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய ஏற்பாட்டில் இனிப் புதிதாகப் பணம் வராது, வேறு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். சென்னைச் சந்துகளில் பெயர்ப் பதிவேட்டோடு அலையும் கள ஊழியர்களைக் கட்டிப்போடக்கூடிய வாசகம் அது.

அதே சென்னையில், கோட்டையில், ஆண்டுதோறும் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கப்படுகிறது. அரசின் மதுக்கடை நிறுவனமான டாஸ்மாக் அந்த ஆண்டு அரசுக்குச் சம்பாதித்துக் கொடுத்த தொகை பிசகில்லாமல் அதில் இருக்கும். 2023-24-இல் அது 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. குறிப்பை வைக்கும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை.